தொட்டி மண்ணில் இருக்கும் இரும்பு

ஐப்பசி 11, செவ்வாய்க்கிழமை

மாடித் தொட்டியில் பாலக்கீரையின் இளம் இலைகள் மஞ்சளாகிவிட்டன. நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. அத்தை வெந்நீர் அடுப்புச் சாம்பலை இரண்டு கை அள்ளித் தூவிவிட்டு, "நாலு நாள்ல பச்சை பிடிச்சிரும், பாரேன்" என்றார். தொட்டியில் இருப்பது கரிசல் மண்; அதில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம். சாம்பலும் சேர்ந்தால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இரும்பு இல்லாவிட்டால் பச்சையம் இல்லை. வெயிலில் நின்றும் இலை உணவு சமைக்காது, அதன் மூச்சும் தளரும். கல்லூரியில் இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். என் மகள் பாப்பாவுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அவள் நாலு படி ஏறி மூச்சு வாங்கும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

"மண்ணையே மாத்திருவோமா, அத்தை?" என்று கேட்டேன்.

"எம் மவன் சுமந்து கொண்டாந்த மண்ணுடி அது!"

திருப்பூருக்கு வேலைக்குப் போவதற்கு முந்தின நாள், எப்போதும்வென்றான் ஊர்க் காட்டிலிருந்து கொண்டுவந்து என் கணவர் தன் கையாலேயே நிரப்பினார். எனக்கும் மனம் வரவில்லை. இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பைக் கரைத்து இலை மேலேயே தெளித்தேன்.

ராத்திரி வீடியோ காலில் அவர், "பாப்பா ஏன் வெளிறிப்போய் இருக்கா?" என்றார்.

"இங்கன லைட்டு அப்படி" என்றேன்.

பாப்பா திரையில் அவர் கன்னத்தைத் தடவிவிட்டு, தன் விரலை முகர்ந்து பார்த்தாள். டாக்டர் சொன்னதை நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார் என்றுதான் சொல்லாமல் இருந்தேன். இப்போது, வரட்டும் என்றுதான் இருக்கிறது.