மணக்காத சட்டி

1976 ஜனவரி 11, ஞாயிறு

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வீட்டு வரிசையில் ஜெயராசா பன்றி அடித்தான். விலாவில் ஒரு பாளம் வாங்கி வந்தேன். இளம் பன்றி. எலும்பு என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. இப்படிப்பட்ட விலா ஒன்றரை மணி நேரத்தில் வெந்து, பிடித்து இழுத்தால் எலும்பு தனியாகக் கையோடு வர வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. துரை பங்களாவில் முப்பத்தோரு வருஷம் அப்புவாக இருந்து சமைத்தவன் நான். சமையலையும் யாரும் கற்றுத் தரவில்லை, எழுத்தையும் யாரும் கற்றுத் தரவில்லை. எழுத்து, அடுப்பு மூட்டக் கிடந்த பழைய பேப்பரில் கற்றது.

அடுத்த மாதம் இருபதாம் தேதி என் பெண்சாதி இராக்கம்மாவுக்கு இரண்டாம் வருஷப் படையல். அவளுக்குப் பிடித்தது இந்த விலாத் துண்டுதான். போன வருஷம் படைத்தபோது கறி வேகவில்லை. ஒத்தையாக உட்கார்ந்து மென்று பார்த்தேன், பல் ஆடியதுதான் மிச்சம். லயத்தில் சிரித்தார்கள், அப்புவுக்குக் கை போச்சு என்று. அதனால் இன்று முன்கூட்டியே ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். இது உனக்குத்தான் என்று அவள் பேரைச் சொல்லி அடுப்பில் ஏற்றினேன்.

மூன்றரை மணி நேரம். கொதிக்கிறது, ஆவி வருகிறது. துண்டு மரக்கட்டை மாதிரி இருக்கிறது.

ஜனவரி 12

நாய்க்குப் போட்டேன். மோந்துகூடப் பார்க்கவில்லை.

ஜனவரி 17

பசறைக்கு பஸ்ஸில் போய் வந்தேன். ஸலீம் நானா கடையில் மிளகும் கறிப் புளிப்புக்குக் கொறக்காயும் வாங்கினேன்.

"தாரேன், எல்லாம் தாரேன். எதுக்குன்னு மட்டும் சொல்லிராதீங்க அப்பு. பொறவு நான் தராசக் கழுவணும்" என்றார்.

"வாழத்தண்டுக்கு நானா."

"ஆமா, ஆமா. நாலு கால் வச்ச வாழத்தண்டு."

சிரித்துக்கொண்டேதான் பொட்டலம் கட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜனவரி 25, ஞாயிறு

குறை கறியிலா கையிலா என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை.

ஜெயராசாவிடம் இன்னொரு பாளம் வாங்கினேன். எலும்புக்கு நடுவில் கத்தி விட்டு இரண்டு விரல் நீளத்தில் துண்டு போட்டேன். ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்தேன். முதல் துண்டு என் சட்டிக்கு, அடுத்தது அவள் பேரைச் சொல்லி வைத்த சட்டிக்கு. ஒரே மிளகு, ஒரே இஞ்சி, ஒரே கொறக்காய், ஒரே ரம்பை இலை. இரண்டு சட்டிக்கும் மூடியைச் சுற்றிக் கோதுமை மாவு பூசி அடைத்தேன். தேயிலையில் கவ்வாத்து வெட்டிய ஒரே மிலாறு விறகு, ஒரே தணல். உப்பு இரண்டிலும் இல்லை. படையல் கறிக்கு எங்கள் ஆட்கள் உப்புப் போடுவதில்லை. படைத்து எடுத்த பிறகு சாப்பிடுகிறவர் தொட்டுக்கொள்வார். உயிரோடு இருந்தபோது அவள் கைக்கு எப்போதும் உப்பு ஒரு பங்கு கூட. அதற்கே தினம் ஒரு சண்டை நடக்கும்.

ஒன்றேகால் மணி நேரத்தில் என் சட்டி மணத்தது. லயத்து நாய்கள் இரண்டும் வாசலுக்கு வந்துவிட்டன. மூடியைத் திறந்தால் கறி எலும்பில் நிற்கவில்லை. வழுக்கி விழுகிறது.

அவள் சட்டியைத் திறந்தேன். கட்டை.

அது மட்டுமில்லை. மணம் இல்லை. கொதிக்கும் கறிக்கு மூக்கை நீட்டினால் வெந்நீர் மாதிரி இருக்கிறது. மிளகு எங்கே போனது? இரண்டு சட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நாய்கள் என் சட்டியை மட்டும் பார்க்கின்றன. அந்தப் பக்கம் ஒரு பொருள் இருப்பதாகவே அவற்றுக்குத் தெரியவில்லை.

ஜனவரி 27

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

என் தம்பி மாரிசாமி கீழ் லயத்தில் இருக்கிறான். எட்டு வருஷமாக அவனோடு பேச்சில்லை. நான், என்னை இலங்கைப் பிரஜை ஆக்கச் சொல்லி எழுதிப் போட்டேன், எங்கள் அப்பா இங்கேதான் பிறந்தார் என்று. அவன் இந்தியாவுக்குப் போக எழுதிப் போட்டான், அதே அப்பா துறையூர்ப் பக்கம் பிறந்தார் என்று. பிரஜாவுரிமைக் கந்தோரில் எங்கள் இரண்டு விண்ணப்பப் பாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். என்னுடையதைத் தள்ளிவிட்டார்கள். பிறந்த மண்ணில் என்னை ஊர் பேர் இல்லாதவனாக்கியது என் கூடப்பிறந்தவன்.

எழுபத்து நாலில், மாவுக்கும் அரிசிக்கும் லயமே அலைந்தபோது, இராக்கம்மா பாயில் விழுந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. ஒரு நாள் சொன்னாள், "ஒரு வெலாத் துண்டு கெடச்சா நல்லாருக்கும்." யாரோ மாரிசாமி காதில் போட்டிருக்கிறார்கள். முனிக்கு நேர்ந்து வளர்த்த பன்றிக்குட்டியை அடித்து, விலாவை ஆக்கி, பெண்சாதி ராமலட்சுமி கையில் சட்டியோடு கொடுத்து அனுப்பினான். மூடி போட்டிருந்தும் மணம் வாசலைத் தாண்டி வந்தது.

கொண்டு போ என்றேன். அவன் வீட்டுக் கறி இந்த வீட்டுக்குள் வராது என்றேன்.

அவள் பாயிலிருந்து எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். என்னைத் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "வாசனையாச்சும் உள்ள வந்துச்சே" என்றாள்.

ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

நான் என்ன செஞ்சிருக்கணும்? வாங்கியிருக்கணுமா? எவன் என்னைய நாடில்லாதவனா ஆக்கினானோ அவன் சட்டியில, கை நீட்டி... முடியாது. இன்னைக்கும் முடியாது.

அதற்காக மணத்தைக்கூட நிறுத்திவிடுவதா, இராக்கம்மா?

பிப்ரவரி 8, ஞாயிறு

மாரிசாமிக்கு நாள் குறித்துவிட்டார்களாம். இருபத்தோராம் தேதி காலை ரயில். பதுளையிலிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பல். ஜெயராசா வந்து சொன்னான்.

"போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க அப்பு. கூடப்பொறந்தவரு."

"பாரத்துல எழுதறப்ப அது அவனுக்குத் தெரியலயா?"

"படையலச் சாப்புட ஆளு வேணுமில்ல?"

படைத்த கறியை ஒருவன் தனியாகத் தின்னக் கூடாது. உறவில் இன்னொரு கை அந்தச் சட்டிக்குள் விழ வேண்டும். இல்லையென்றால் படைத்தது போய்ச் சேராது. போன வருஷம் தனியாகத் தின்றேன். இந்த நாட்டில் எனக்கு உறவு என்று மிச்சமிருப்பது அந்த ஒரு கைதான். இருபத்தோராம் தேதிக்குப் பிறகு அதுவும் இல்லை.

பிப்ரவரி 15

ராமலட்சுமி வந்தாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. முந்தானைக்குள்ளிருந்து ஒரு மண்சட்டியை எடுத்து வாசற்படியில் வைத்தாள்.

"அன்னைக்கு நீங்க திருப்பி அனுப்புன சட்டி, மாமா. சீக்காளிக்குன்னு ஆக்குனது திரும்பி வந்தா, அந்தச் சட்டியில வேற எதுவும் ஆக்கக் கூடாதும்பாங்க. ரெண்டு வருசமாக் கவுத்தே வச்சிருந்தேன். கப்பல்ல கொண்டு போக முடியாது. இது அக்காவுக்கு வந்த சட்டி. இங்கதான் இருக்கணும்."

"எடுத்துட்டுப் போ."

"இந்தத் தடவ நான் எடுக்க மாட்டேன்" என்றாள். போய்விட்டாள்.

நானும் எடுக்கவில்லை. மழையில் கிடக்கட்டும்.

பிப்ரவரி 16

காலையில் எழுந்தேன். சட்டி அடுப்பில் இருக்கிறது.

கதவு உள்தாழ் போட்டபடி இருந்தது. சட்டியின் வெளிப்புறம் ஈரம். உள்ளே காய்ந்து இருந்தது. தூக்கத்தில் நானே எழுந்து எடுத்து வைத்தேனா? என் காலில் சேறு இல்லை. படியிலிருந்து அடுப்பு வரைக்கும் தரையிலும் சேறு இல்லை.

பிப்ரவரி 17

தள்ளி வைக்கக் கை போகவில்லை. தேத்தண்ணீரை வெளியே மூன்று கல் கூட்டி வைத்துக் குடித்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

படையல்.

அந்தச் சட்டியில்தான் ஆக்கினேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. துண்டுகளைக் கழுவி, மிளகும் இஞ்சியும் கொறக்காயும் பிரட்டி, ரம்பை இட்டு, உப்பில்லாமல் ஏற்றினேன். மூடிக்கு மாவு பூசினேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மணம் வந்தது. மாவு பூசிய மூடியின் ஊடாக எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. வீடு முழுவதும், கூரைத் தகரம் வரை, அன்று வாசலில் வந்த அதே மணம். திறந்து பார்த்தேன். துண்டுகள் எலும்பிலிருந்து தாமாகக் கழன்று கிடந்தன.

விளக்கு வைக்கும் நேரம் இலையில் இரண்டு துண்டு வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். உள்ளே ஓர் இருமல் கேட்ட மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு இருமலாக இருக்கும். லயத்தில் சுவர் மெலிது.

பக்கத்து வீடு போன மாதம் இந்தியாவுக்குப் போய்விட்டது. பூட்டிக் கிடக்கிறது.

மூன்று தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனேன். இலை வைத்தபடியே இருந்தது. சாப்பிடவில்லை. தனியாகச் சாப்பிடக் கூடாது.

பிப்ரவரி 21

சட்டியைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். கொஞ்சம் உப்பைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஸ்டேஷன் முழுக்கப் பெட்டியும் மூட்டையும் அழுகையும். மாரிசாமி ஜன்னலோரம் இருந்தான். தலை முழுவதும் நரைத்திருந்தது. அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ராமலட்சுமி அவன் தோளைத் தொட்டு என்னைக் காட்டினாள்.

சட்டியை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அவன் சட்டியைப் பார்த்தான். எந்தச் சட்டி என்று தெரிந்துகொண்டான். கை விட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். எலும்பை மட்டும் வெளியே எடுத்தான். கண் கலங்கி, சிரித்தான்.

"என்னண்ணே, மதினி உசுரோட இருக்கிற மாதிரியே. அதே உப்பு. எத்தன தடவ சொன்னாலும் கொறைக்கவே மாட்டாங்களே."

நானும் ஒரு துண்டு எடுத்தேன். கரித்தது.

ரயில் நகர்ந்தது. அவன் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். உப்புப் பொட்டலம் மடித்தது மடித்தபடியே இருந்தது.

ஏப்ரல் 11, ஞாயிறு

மாரிசாமியிடமிருந்து கடுதாசி. அப்பா பிறந்த ஊருக்குப் போய்ப் பார்த்தானாம். அங்கே ஒருத்தருக்கும் அவரைத் தெரியவில்லையாம். விலாக் கறி கிடைக்கிறதாம், ஆக்குவதற்கு மிலாறு கிடைக்கவில்லையாம்.

அப்போதே சொன்னேன் அல்லவா என்று எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் எழுதி, கவரை ஒட்டிவிட்டேன்.

இன்று அடுப்பு மூட்டவில்லை. காய்ச்சல் மாதிரி இருக்கிறது. சட்டி கழுவிக் கவிழ்த்தபடி அடுப்பில் இருக்கிறது. நாய்கள் இரண்டும் வாசலில் வந்து உட்கார்ந்து, மூக்கைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.