அகழி தடுத்த ஆள்

அன்புள்ள தம்பிக்கு,

இந்த வாரம் நம் வீட்டு அகழியைத் தூர்வாருகிறோம். மீன்களெல்லாம் குளியல் தொட்டியில் இருப்பதால் நான் எட்டு நாளாகக் குளிக்கவில்லை. ஆனாலும் மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. நீ ‘பிஷப்’ என்று பெயர் வைத்த கிழட்டுக் கெண்டை இன்னும் உயிரோடு இருக்கிறது. என்னைப் பார்த்தால் எதையோ சொல்லவருவதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

அகழியின் சரித்திரத்தை ஆராய ஒரு பெண் வந்திருந்தாள். எதிரிகளைத் தடுக்க வெட்டியது என்று ஒவ்வொரு கோடையிலும் டிக்கெட் வாங்கி நம் பழைய வீட்டைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களிடம் அளந்தேனே, அத்தனையும் பொய்யாம்.

"எதிரியாவது ஒண்ணாவது! பக்கத்து ஊர்ப் பிரபு வீட்டுல இருக்குன்னு இவங்களும் வெட்டியிருக்காங்க. வெள்ளிக்கிழமை கறி சாப்பிடக் கூடாதுன்னு சர்ச்சுல சொன்னதுக்கு மீனும் ஆச்சு" என்றாள்.

டிக்கெட் கிழிக்கும் திருமதி டாப்ஸ்காட் சும்மா விடுவாளா? "இத்தனை வருஷம் புளுகினதுக்கு, இனிமே வர்றவங்களுக்கு டீயாவது ஓசியில குடுங்கம்மா" என்றாள்.

நேற்று பாலத்தடிச் சேற்றிலிருந்து அப்பாவின் வெள்ளிக் கோப்பை கிடைத்தது. நீ விற்றுவிட்டாய் என்று சொல்லி உன்னை வீட்டைவிட்டுத் துரத்தினாரே, அதேதான். அந்த நாட்களில் மீன்களுக்கு ரொட்டித்துண்டு கொண்டுபோக, கைக்கு எட்டிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடுவேன். நினைவிருக்கிறதா? கோப்பையைத் தேய்த்து உன் அறையில் வைத்திருக்கிறேன்.

இலையுதிர்கால மழையில் அகழி நிறைந்துவிடும். அதற்கு முன் வந்துவிடு. ஐந்நூறு வருஷத்தில் அது தடுத்து நிறுத்திய ஒரே ஆள் நீதான்.

இப்படிக்கு,
அன்று வாய் திறக்காத உன் அக்கா