சுவருக்குக் கேட்காமல் மருந்து

ஜன. 20, திங்கள்

காலையில் பனி. பத்து மணி வரை எதிர்மலை இல்லை. நேற்றுத் துவைத்தது இன்னும் ஈரம்.

படிப்பு லீவு. தாதியர் கல்லூரிப் பரீட்சை அடுத்த மாதம். நோய் உடலுக்குள் என்ன செய்கிறது என்ற பாடம்தான் மிச்சம்: ஆஸ்துமா, பிரஷர், சீனி வருத்தம், குடற்புண். புத்தகம் இங்கிலீஷில். எனக்கே எனக்காகத் தமிழில் எழுதிப் பார்த்தால்தான் புரிந்ததா இல்லையா என்று தெரிகிறது.

இன்று எழுதியது: ஆஸ்துமா, மூச்சு முட்டும் அந்த நேரம் மட்டும் அல்ல. மூச்சுக்குழாயின் உட்சுவர் சும்மா இருக்கும்போதும் வீங்கியே இருக்கிறது. புகை, தூசி, குளிர் ஏதாவது பட்டால் சுற்றியுள்ள தசை இறுகும். சளி கூடும். குழாய் ஒடுங்கும். காற்றை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. விசில் சத்தம் அதனால்.

அக்கா அலுவிகாரைக்கு வேலைக்குப் போயிருந்தாள். வாசனைத் திரவியக் கடையில் மிளகு, கிராம்பு பொதி போடும் வேலை. இரத்தோட்டை பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறி வரும்போது இரண்டு இடத்தில் நின்றாள். செருப்பைச் சரிசெய்வதுபோல.

ஞாயிறு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். உக்குவளை. மாப்பிள்ளை வயரிங் வேலை. பக்கத்துக் காம்பராவில், ஒரே சுவர் தள்ளிக் குடியிருக்கும் பாக்கியம் அத்தை பேசிவிட்ட இடம். மாப்பிள்ளையின் அம்மா அத்தைக்கு ஒன்றுவிட்ட அக்கா.

வாங்க வேண்டியது: சீனி, பிஸ்கட், மண்ணெண்ணெய், எனக்கு நீலப் பேனை.

ஜன. 22, புதன்

வெயில். கடைசியில் துணி காய்ந்தது.

அப்பா பிரஷர் மாத்திரையைத் தலையிடி வந்தால்தான் போடுகிறார். அம்மா சீனி மாத்திரையை கிளினிக்குக்கு முந்தின கிழமை மட்டும் ஒழுங்காக. எங்கள் வீட்டில் நோய் என்றால் தெரியும்போது இருப்பது. தெரியாதபோது ஊருக்குப் போயிருப்பது.

பிஸ்கட் டின்னில் தையல் ஊசி தேடினேன். அக்காவின் இன்ஹேலர் கிடந்தது. கெப்சூலை உள்ளே வைத்து, திருகி உடைத்து, வாயால் இழுக்கிற வகை. திறந்து பார்த்தேன். துளி மருந்துத் தூள்கூட ஒட்டியிருக்கவில்லை. கிளினிக்கில் கொடுத்த உறைகள் இரண்டு: மூச்சு முட்டும்போது போடுவது அப்படியே இருந்தது, தினமும் போடும் கெப்சூல்கள் மட்டும் பாதிக்கு மேல் குறைந்திருந்தன.

வேலை விட்டு வந்ததும் கேட்டேன்.

"போடுறேனே. காலையில ஒன்னு, அந்திக்கு ஒன்னு."

"எதால இழுக்குற?"

"இழுக்கல. தண்ணியில முழுங்கிருவேன்."

"யார் சொன்னது?"

"அம்மாதான். எப்படியும் உள்ளுக்குத்தானே போவுதுன்னு."

காரணம் சுவர். தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரை போகாது. இன்ஹேலரை இழுத்தால் கெப்சூல் உள்ளே சுழன்று கடகடவென்று அடிக்கும். அந்தப் பக்கம் பாக்கியம் அத்தை. அத்தை காதில் விழுந்தது உக்குவளை வரை போகும். சம்பந்தப் பேச்சு எடுத்ததிலிருந்து அக்கா விழுங்குகிறாள். தீபாவளிக்கு முன்பிருந்தே.

ஜன. 23, வியாழன்

மந்தாரம்.

விழுங்கினால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் பார்த்தேன். வயிற்றுக்குப் போகும், அங்கிருந்து கல்லீரல். கல்லீரல் பெரும்பகுதியை உடைத்துப் போட்டுவிடும். மூச்சுக்குழாயின் சுவருக்கு வந்து சேர்வது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். அக்கா இத்தனை மாதமாக மருந்தில்லாமல்தான் மிளகுத் தூசிக்குள் இருந்திருக்கிறாள்.

அம்மாவிடம் சொன்னேன். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம முடியட்டும். அப்பறம் என்னமோ பண்ணுங்க."

"அதுக்குள்ள மூச்சு இழுத்துச்சுன்னா?"

"வாய வைக்காத. இழுப்புக்காரின்னு பேராயிட்டா அப்பறம் எவன் வருவான்? ஒனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "நர்ஸம்மா இன்னும் பாஸே பண்ணல, அதுக்குள்ள வார்டு ரவுண்டு."

எல்லோரும் மெதுவாகத்தான் பேசினோம். சுவர்.

ஏனோ அம்மாவின் மீது கோபம் வரவில்லை. குடற்புண் பாடம் முடித்தேன்.

ஜன. 26, ஞாயிறு

விடியலில் குளிர். பிறகு நல்ல வெயில்.

சாம்பிராணி வேண்டாம் என்றேன். "நல்ல காரியத்துக்குப் போடாம எப்பிடி?" அம்மா போட்டார். புகை கூரைத் தகரத்தில் முட்டி, இறங்கி, காம்பராவுக்குள்ளேயே நின்றது. அக்கா பட்டுச்சேலையில், புகைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

பதினொரு மணிக்கு வேன். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, இன்னும் சிலர். அவர்களோடு பாக்கியம் அத்தையும் வந்து உட்கார்ந்தார். அக்கா பிளேன்டீ கொண்டுவந்தாள். பேச்சு நின்ற ஒரு நொடியில் விசில் எனக்குக் கேட்டது. தோள்கள் மூச்சோடு ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே போனது. புத்தகத்தில் இருந்த வரிசை அப்படியே. அவளிடமிருந்து தட்டை வாங்கினேன். "டின்னுக்குள்ள இருக்கு. முட்டும்போது போடுற கெப்சூல். இழு." காதோடு அவ்வளவுதான் சொன்னேன்.

திரைக்குப் பின்னால் போனாள். கடகடகட.

அம்மா கிராம்பு விலை பற்றிச் சத்தமாகப் பேசத் தொடங்கினார். மறுபடியும் கடகடகட.

மாப்பிள்ளையின் அம்மா: "என்ன சத்தம் அது?"

"எலி," என்றார் அம்மா. அப்பா கூரையைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது, மூச்சு இறங்கியிருந்தது.

"எலி இல்லீங்க. எனக்கு இழுப்பு இருக்கு. மருந்து இழுத்தேன்."

மாப்பிள்ளை டீயைக் கீழே வைத்தார். அவருடைய அம்மா யாரையும் பார்க்காமல் கேட்டார், "கொழந்தைங்களுக்கும் வருமா?"

நான் சொன்னேன்: வரலாம், வராமலும் போகலாம். ஒழுங்காக மருந்து எடுத்தால் எல்லோரையும் போல இருக்கலாம். பரீட்சையில் எழுதவேண்டிய விடைதான்.

"வீட்டுல பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்." வேன் போய்விட்டது. பிஸ்கட் அப்படியே.

பாக்கியம் அத்தை மட்டும் போகவில்லை. அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" என்றார் அத்தை. "முந்தி இவளுக்கு மூச்சு இழுக்குறது கேக்கும், அப்பறம் கடகடங்கும், அடங்கிரும். நானும் தூங்கிருவேன். இப்ப மாசக்கணக்கா இழுப்பு மட்டுந்தான் கேக்குது. மருந்த நிறுத்திட்டாளோன்னு நாந்தான் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."

"அப்ப அவங்ககிட்ட..." என்றார் அம்மா.

"நான் ஏன் சொல்றேன்? அது ஒங்க வீட்டுக் கத."

அம்மா பிஸ்கட் தட்டை அத்தை பக்கம் நகர்த்தினார். அத்தை இரண்டு எடுத்தார்.

ஜன. 28, செவ்வாய்

பனி. துணி மறுபடியும் ஈரம்.

உக்குவளையிலிருந்து ஒன்றும் இல்லை. அம்மா தொலைபேசியைக் கொழுந்து மலைக்கும் கொண்டுபோகிறார். அக்கா கேட்கவில்லை. கடையில் மூக்கு மூட ஒரு துணி வெட்டித் தைத்துக்கொண்டாள். நீலப் பேனை இன்னும் வாங்கவில்லை.

காலையில் வேலைக்குப் புறப்படும் முன் இன்ஹேலரை எடுத்தாள். கெப்சூல், திருகல், இழுப்பு. பழைய பயத்தில் மெதுவாக இழுத்ததால் இரண்டே தட்டல். மெல்லிய சத்தம்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாக்கியம் அத்தை:

"அது பத்தாது புள்ள. நல்லா இழு."