மாப்பிள்ளைக்குப் பூசிய பவுடர்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்கும் யோக்கியதை இந்த வாரம் எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். உன் பிள்ளைகள் இரண்டும் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகின்றன. நான் தூங்கும்போது சின்னவள் என் வழுக்கையில் பேனாவால் ஒரு கண் வரைந்துவிட்டாள். அதோடேயே அலுவலகம் போய்வந்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி ஏன் வாயே திறக்கமாட்டேன் என்கிறாய் என்று போனில் கத்தினாய். வாயால் சொல்ல முடியாததால்தான் இந்தக் கடிதம்.

என் உத்தியோகம் உனக்குத் தெரியும். எங்கள் நுரையீரல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நன்கொடை தருபவர்களுக்குக் குடை பிடித்து, அவர்கள் ஜோக்குக்கு முதல் ஆளாகச் சிரிப்பது. அந்தச் சிரிப்பின் செல்வாக்கில்தான் மாப்பிள்ளையைச் சோதனை மருந்துக்குச் சேர்த்தேன். அது கடையில் கிடைக்காது. பளிங்கு முதலாளியின் நன்கொடையில் எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே தயாராகிறது. வருஷத்துக்கு ஒருமுறை அவர் வந்து, ஒரே ஒரு நோயாளியைப் பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்த வருஷத்துக்கு மருந்து.

அந்த ஒருவரைப் பொறுக்கி எடுப்பதும் நான்தான். அதற்கு ஒரு பக்குவம் உண்டு. பேச்சுக்கு நடுவே இரண்டு இருமல், எழும்போது நாற்காலியைப் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான் அளவு. கூடினால் முதலாளி முகம் சுளிப்பார், குறைந்தால் பையை மூடிவிடுவார். பதினோரு வருஷம் அளவு தப்பியதில்லை.

இந்த முறை நம் வீட்டு ஆளை நிறுத்துகிறோமே என்று எனக்குக் கொழுப்பு. நானே சவரம் செய்துவிட்டேன். என் நல்ல சட்டையை மாட்டி, கன்னத்துக் குழி தெரியாமல் பவுடர் பூசி, ஆக்சிஜன் சிலிண்டரைத் திரைக்குப் பின்னால் தள்ளினேன். “மச்சான், நான் இருமணுமா, வேணாமா?” என்று கேட்டார். “பெரிய மனுஷன் முன்னாடி இருமி மானத்தை வாங்கிடாதீங்க மாப்பிள்ளை” என்றேன். இருபது நிமிஷம் அடக்கினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. முதலாளி அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

தோளில் தட்டி, “இவருக்கு என்னய்யா குறைச்சல்? என்னைவிட ஜம்முன்னு இருக்காரே! இந்த நோயைத்தான் ஒழிச்சாச்சே!” என்றார். எல்லோரும் கைதட்டினோம். முதலில் தட்டியவன் யார் என்று கேட்காதே. மாப்பிள்ளையின் நெஞ்சில் படிந்திருப்பது அந்த முதலாளியின் பட்டறையில் பதினைந்து வருஷம் பளிங்கு அறுத்த பொடிதான் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் இங்கிதம் தெரிந்தவர்கள்.

மறுவாரம் முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. ஒழிந்த நோய்க்கு எதற்கு நன்கொடை, இனி எல்லாம் நீண்ட ஆயுள் ஆய்வுக்குத்தானாம். அவருக்கு நூற்றிருபது வயதுவரை இருக்க ஆசை. ஆய்வு செய்த டாக்டரம்மா இயக்குநர் அறையில் அழுதார். “இந்த அழுகையை அவர் வந்தன்னிக்கு அழுதிருக்கலாமேம்மா” என்றார் இயக்குநர். மருந்து தயாரித்த அறையில் இப்போது வெள்ளெலிகள். மாப்பிள்ளையைவிட அவற்றுக்கு நன்றாக மூச்சு வருகிறது.

முதலாளி வீட்டுக்கே போய் பவுடர், சிலிண்டர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். “நல்லா இருக்கற ஆளையே நோயாளிங்கறியே, கில்லாடிய்யா நீ!” என்று வயிறு குலுங்கச் சிரித்தார். என் பேச்சுக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இருக்கிற மருந்து இந்த மாதக் கடைசிவரை வரும். அதற்குப் பிறகு எத்தனை நாள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். “உங்க தங்கச்சியை வரச் சொல்லிடுங்க” என்றார். மாப்பிள்ளைக்கு எதுவும் தெரியாது. “மச்சான், அன்னிக்கு நான் சரியாத்தானே செஞ்சேன்? ஒரு தடவைகூட இருமலையே” என்று தினமும் கேட்கிறார். பிரமாதம் என்கிறேன். நீயும் அதையே சொல்.

உன் தையல் கம்பெனியில் லீவு தரமாட்டார்கள் என்றால் அண்ணன் செத்துவிட்டான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் நிலையத்துக்குள் வரும்போது வரவேற்பறையில் நிமிர்ந்து பார்க்காதே. அங்கே கதவளவுக்கு மாப்பிள்ளையின் படம் மாட்டியிருக்கிறது, கீழே ‘பூரண குணமடைந்தவர்’ என்று. அந்த வாசகத்தை எழுதியது நான். படத்தில் அவர் ரொம்ப அழகாக இருக்கிறார்.

நீண்ட ஆயுளோடு இரு என்று வாழ்த்தித்தான் எப்போதும் முடிப்பேன். இந்த முறை கை எழுதமாட்டேன் என்கிறது. சீக்கிரம் வா, தங்கச்சி.

உன் அண்ணன்