படிக்கட்டுக்குக் கீழே இருந்தவர்

ஃபேரர் பார்க், சிங்கப்பூர்
19-4-1966

அன்பு மகள் அருள்ஜோதிக்கு அம்மா எழுதுவது. லண்டன் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அப்பாவுக்கு முட்டிவலி விட்டபாடில்லை, படி ஏறும்போதெல்லாம் ஆண்டவரைக் கூப்பிடுகிறார், கோயிலில்கூட அத்தனை தடவை கூப்பிட்டதில்லை. மூன்று கடிதம் போட்டும் அம்மா பதில் எழுதவில்லை என்று உனக்குக் கோபம், தெரியும். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்கு எழுதியே தீர வேண்டும், உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, அது உன் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நீங்கள் பல்கலைக்கழகத்தில் நகர வாழ்க்கை ஆய்வு மன்றம் என்று வைத்துக்கொண்டு போன வருஷம் நம் கடைவீட்டுக்குத் தாளும் பென்சிலுமாக வந்தீர்களே, எந்த அறையில் எத்தனை பேர், யார் எங்கே சமைக்கிறார்கள், யார் எதில் படுக்கிறார்கள் என்று. அப்போது பதினோரு அறைக்கும் உன்னைக் கூட்டிப்போய், நம்ம பிள்ளைதான், ஒளிக்காம சொல்லுங்க என்று சொன்னவள் நான். அந்த அறிக்கை புத்தகமாக வந்ததும் நீ அங்கிருந்து ஒரு பிரதி அனுப்பினாய், அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே என்று நம் வீட்டைப் பற்றிய பக்கங்களை உன் கையாலேயே தமிழில் எழுதியும் வைத்திருந்தாய். உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா, யாருக்குக் கடல் தாண்டிக் கடிதம் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவது. தபசு காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து வந்து நானும் வாசித்தேன். முன்கூட்டி ஒரு தடவை எனக்குள் படித்துப் பார்த்திருக்கலாம். பெருமை, வேறென்ன.

முதலில் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. ஒரு குழாய்க்கு முப்பத்தெட்டு பேர் என்று நீ எழுதியிருந்ததற்கு, நம்ம சண்டையெல்லாம் பாப்பா எழுதலையா என்று கேட்டார்கள். பிறகுதான் படிக்கட்டுக்குக் கீழே உள்ள அறை வந்தது. ஒரு கட்டிலில் இரண்டு பேர், ஒருவர் ரொட்டிக்கடையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் படுப்பவர், மற்றவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், பெயர் க என்று வைத்துக்கொள்வோம், க இருமும்போது ஆறு மாதமாக இரத்தம் வருகிறது, வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் வாசித்துவிட்டேன் அருளு. இரத்தம் என்ற சொல் கண்ணில் பட்டது, நிறுத்து என்று மனசு சொன்னது, வாய் நிற்கவில்லை. நீ க என்று எழுதிய செல்லக்கண்ணு எனக்கு எதிரில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். பெயரை மாற்றினாயே, கட்டிலை மாற்றினாயா, படிக்கட்டை மாற்றினாயா? அவர் எழுந்து வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு அறைக்குள் போனார்.

அன்றைக்கே அவரோடு கட்டிலைப் பங்குபோட்ட மருதப்பன் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் உயிர்தானே. குழாயடியில் அவர் வாளி வைத்த இடத்தில் வேறு யாரும் வைப்பதில்லை. வேலைக்கு ஆள் சேர்க்கும் தண்டல் காதுக்கும் போய், இனிமே நீ வர வேணாம்லா, மத்தவனுக்கு ஒட்டிக்கும் என்று சொல்லிவிட்டாராம். ஒரு வாரம் அறைக்குள்ளேயே கிடந்தார். அப்பா தேநீரைக் கொண்டுபோய்க் கதவருகே வைத்தார், உள்ளே போகவில்லை, நான்தான் போகாதீர்கள் என்றேன். எட்டாம் நாள் பெட்டியை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில் படுத்துக் கிடந்தவரை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. ஈஸ்டருக்கு முந்திய பெரிய புதன்கிழமை போய்ப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அதற்குள் அவரே, பாப்பா மேல எனக்குக் கோவம் இல்லக்கா, இத்தனை வருஷத்துல அது ஒண்ணுதான் என் ஊரு பேரு, பொண்டாட்டி பேரு எல்லாம் கேட்டு எழுதிக்கிச்சு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரொட்டியைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு வர்றேன் என்று எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் பெரிய வியாழன் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்பாதான் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கினார், மருதப்பன் கொள்ளி வைத்தார். அதற்குப் பிறகுதான் ஊருக்கு எப்படித் தெரிவிப்பது என்ற பேச்சு வந்தது. ஒருத்தருக்கும் தெரியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் என்பதற்கு மேல் அவர் சொன்னதில்லை, அடையாள அட்டையில் இந்தியா என்று மட்டும் இருக்கிறது. பெட்டியில் ஒரு கடிதமும் இல்லை, மூன்று தைலப் புட்டிகளும் பிரிக்காத ஒரு சேலையும் இருந்தன. அப்பா முட்டிவலியோடு உங்கள் மன்றத்துக்குப் போய்க் கேட்டார். அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினானாம், பெயர் எழுதிய தாள்களை அறிக்கை அச்சானதும் எரித்துவிடுவது விதியாம், யாருக்கும் அதனால் கெடுதல் வரக் கூடாதாம். அப்பா வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, பதினெட்டு வருஷம் என் படிக்கட்டுக்குக் கீழே இருந்த மனிதரிடம் உன் வீட்டுக்காரி பேர் என்ன என்று நான் கேட்டதில்லை. கடைசியாகக் கேட்கக் கிடைத்த ஒரு நாளிலும் அழுதுகொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பெண் அங்கே இன்னும் பொட்டு வைத்துக்கொண்டு தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீ ஒரு மத்தியானம் முழுக்க அவரோடு உட்கார்ந்து எழுதினாய். யோசித்துப் பார், பழைய நோட்டு ஏதாவது இருந்தால் தேடு. ஊர் பேர், அவள் பேர், இரண்டும் வேண்டும். லண்டனில் ஒரு கூட்டத்தில் அந்த அறிக்கையை மறுபடி வாசிக்கப் போவதாக எழுதியிருந்தாய், அதைச் செய்யாதே என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் க செத்துப்போனார் என்பதையும் சேர்த்து வாசி.

வேளைக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. மாதா உன்னைக் கைவிட மாட்டாள். உனக்கு ஞாபகம் இல்லையென்றால் அதையும் ஒளிக்காமல் எழுது. உன் பதிலை நான் குழாயடியில் வாசிக்க மாட்டேன்.

உன் அம்மா,
அல்போன்சம்மாள் ஆம்ப்ரோஸ்