அண்ணாச்சியின் செல்கள்

செவ்வாய்க் கிரகம், வடதுருவ நிலையம்
நாள் 388, 08:10

ஆக்சிஜன் சரி. வெப்பம் சரி. எலிகள் ஆறும் தின்று கொழுத்திருக்கின்றன. ஆட்கள் இருவர்: மருத்துவர் பியூலா, அதாவது நான், துளைப்பொறி பார்க்கும் தங்கத்துரை அண்ணாச்சி. அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய். கப்பல் வரப் பதினாலு மாதம். அதுவரை தாங்க மாட்டார்.

அதனால் மருந்தை இங்கேயே செய்கிறேன். அவருடைய புற்றுச்செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. அதை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும். அந்தப் புரதத்தை எலிகளுக்கு ஏற்றி, ஆன்டிபாடியைச் சுரக்கும் ஒரே ஒரு எலிச் செல்லைப் பொறுக்கிப் பெருக்க வேண்டும். சோதனைத் தட்டுகளில் ஆயிரம் குழிகள், குழிக்கு ஒரு செல். 340 பார்த்தாச்சு.

நாள் 431, 16:25

கிடைச்சிடுச்சு! 611ஆம் குழி. அதோடு நஞ்சைப் பிணைத்து, தட்டில் வளரும் அண்ணாச்சியின் செல்கள் மேல் விட்டேன். ஒன்று மிச்சமில்லை. இன்டர்காமில் கத்தினேன்.

"அப்ப ஊர்ல போயி புரோட்டா சால்னா உண்டுன்னு சொல்லுதீய."

"உண்டு அண்ணாச்சி! நான் வாங்கித் தாறேன்."

நாள் 452, 09:00

மூன்று ஊசி போட்டாச்சு. இறங்க வேண்டிய பி.எஸ்.ஏ., ரத்தத்தில் புற்றைக் காட்டும் அளவு, ஏறுகிறது. 40, 61, 97. இடுப்பு வலியில் அவரால் உட்கார முடியவில்லை. ஆனால் தட்டில் நேற்றும் எல்லாம் செத்தது. மருந்தில் பிழையில்லை. பிறகென்ன எழவு?

நாள் 453, 11:40

உண்மையை எழுதிவிடுகிறேன். தட்டில் இருப்பது பதினொரு மாதத்துக்கு முன் எடுத்த சதை. மூன்று முறை புதிதாக எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும், "அந்த இடத்துலயா? கூச்சமா இருக்கு தாயி, அடுத்த மாசம் பாப்பம்" என்பார். அப்பா வயது மனுஷனை வற்புறுத்த எனக்கும் நாக்கு எழவில்லை. சரி போகட்டும் என்று விட்டேன். படித்த கழுதை.

இன்று அவரே எடுக்கச் சொன்னார்.

நாள் 455, 14:15

புது செல்கள் இருநூறு பார்த்தேன். அந்தப் புரதம் ஒன்றில்கூட இல்லை. நோய் எப்போதோ மாறிவிட்டது. நான் கொன்றுகொண்டிருந்தது அவருக்குள் இப்போது இல்லாத ஒன்றை.

பூமியிலிருந்து, பழைய அறிக்கைக்குப் பதில்: "தட்டு முடிவுகள் மிகச் சிறப்பு. குழுவின் மனமார்ந்த வாழ்த்துகள்."

வேறு ஆன்டிபாடி செய்ய ஐந்து மாதம். அவருக்கு ஐந்து வாரம். கடவுளே, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நாள் 461, 10:30

இன்டர்காம்.

"டாக்டரம்மா, மருந்து ஒடம்புல பிடிக்கா?"

"பிடிக்குது அண்ணாச்சி."



"ஒமக்குப் பொய் சொல்ல வரல தாயி. அழாதேயும். ஊசிய எடுத்துட்டு வாரும், போடும். சும்மா இருந்தா ஒமக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்."

ஊசியோடு அவர் அறைக்குப் போனேன். கையை நீட்டினார்.

போட்டேன்.