அண்ணன் எழுதிய அமுக்கி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். அதை எழுதிவிட்டால் மற்றது எழுத வராது. அதனால் அந்த வரியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். நீயும் அத்தானும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் குறைந்ததா?

போனில் எனக்கு வார்த்தை வராது என்று உனக்குத் தெரியும். நீ கூப்பிடும்போது அம்மா போனை என் காதில் வைத்தால் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அத்தானின் நண்பர் இங்கிருந்து உங்கள் ஊருக்குக் கிளம்புகிறார் என்றதும் இதை எழுத உட்கார்ந்தேன். கவருக்குள் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. உன் கல்யாண வீடியோ. வேண்டாம் என்று நீ போன மாதம் சொன்னாய். கோபப்படாமல் முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்.

அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி விளக்கு எரிந்து போய்விட்டது, மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அண்ணனின் வீடியோ கடையைப் பூட்டியே வைத்திருக்கிறோம். ஆனால் அண்ணன் அறையைத் திறந்துவிட்டேன். உனக்குத் தம்பி, எனக்கு அண்ணன். அவன் போன பிறகு அந்த அறைக்குள் யாரும் போகவில்லை. அவனை லாரி இடித்த அன்று தூக்கி வந்த கேமராப் பை அதே மூலையில்தான் இருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

கம்ப்யூட்டரைப் போட்டேன், ஓடவில்லை. சர்வீஸ் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒரு டிஸ்க் செத்துவிட்டது, இன்னொன்று பிழைத்திருக்கிறது என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா சட்டென்று சமையலறைக்குப் போய்விட்டாள். பிழைத்த டிஸ்க்கில்தான் உன் கல்யாணம் இருந்தது. அவன் பாதிக்கு மேல் எடிட் செய்து வைத்திருந்தான். ஆனால் அதைத் திறக்கும் மென்பொருள் செத்த டிஸ்க்கோடு போய்விட்டது. கடைக்காரர் புதிதாகப் போட்டுக் கொடுத்தது பழைய பதிப்பு. இந்தக் கோப்பு என்னைவிடப் புதியது, திறக்க மாட்டேன் என்றது.

அண்ணன் எப்போதும் தனக்கு வேண்டிய மென்பொருளைச் சோர்ஸ் கோடிலிருந்து தானே கட்டிக்கொள்வான். சோர்ஸ் கோட் என்றால் அந்த மென்பொருளை எழுதிய எழுத்துகள். அவன் வைத்திருந்த மென்பொருளின் எழுத்துகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். எடுத்து, நம் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி பில்ட் செய்ய வேண்டும், அதாவது ஓடுகிற மென்பொருளாகக் கட்ட வேண்டும். நான் பத்தாவது பாதியில் நின்றபோது, "வீட்ல உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்கு இங்க உக்காந்து இதைப் பாரு, ஊமைக்கோட்டான்" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தான். புரிந்ததோ இல்லையோ, பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் மாற்றி வைத்திருந்த கோட் பிழைத்த டிஸ்க்கில் அப்படியே இருந்தது.

லேசில் முடியவில்லை அக்கா. ஏதோ ஒரு லைப்ரரி இல்லை என்று நின்றுவிடும். லைப்ரரி என்றால் வேறு யாரோ எழுதி வைத்த துண்டு, இது அதை நம்பி நிற்கும். அதைத் தேடிப் போட்டால் அடுத்தது இல்லை என்னும். நம் சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தால் ஒன்று வைக்கும்போதே இன்னொன்று எங்கே என்பாரே, அந்த மாதிரி. எல்லாம் கொடுத்தபின் கம்ப்யூட்டரின் முழு பலத்தையும் போட்டு ஓடவிட்டேன், உறைந்து நின்றுவிட்டது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "அவசரப்பட்டா மூச்சு முட்டிடும், கொஞ்சம் கொஞ்சமா குடு" என்பான். கொஞ்சமாகக் கொடுத்ததும் நகர்ந்தது. திரையில் சதவீதம் ஏற ஏற, உள்ளே விசிறி பெரிதாகச் சத்தம் போட ஆரம்பித்தது.

அந்தச் சத்தம் உனக்கு நினைவிருக்கும். அது கேட்டால் அவன் வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம். அம்மா டீயோடு வந்தாள். அவனுடைய பெரிய டம்ளரில். வாசலில் நின்று நாற்காலியில் இருந்த என்னைப் பார்த்தாள். அவன் வைக்கச் சொல்லும் இடத்தில் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். நான் குடித்தேன். சர்க்கரை அவன் அளவுக்கு இருந்தது.

முடியப்போகிற நேரத்தில் அண்ணன் தானே எழுதிச் சேர்த்த ஒரு துண்டில் வந்து நின்றுவிட்டது. அதற்கு வேண்டிய ஒரு பழைய லைப்ரரி எங்கும் கிடைக்கவில்லை. தேடிச் சலித்து, அந்தத் துண்டு மட்டும் வேண்டாம் என்று அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். அது என்ன துண்டு என்று நான் யோசிக்கவில்லை. நூறு சதவீதம் வந்தது. இன்ஸ்டால் செய்து உன் கல்யாணத்தைத் திறந்தேன். ஓர் எஃபெக்ட் காணவில்லை, அது இல்லாமல் திறக்கட்டுமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன்.

முதலில் கேட்டது அவன் குரல். "சித்தப்பா, வயித்தை எக்கிக்கோங்க, ஃப்ரேம்ல அடங்கல." சித்தப்பா திரையில், "டேய், என்னைக் குறை சொல்லாத, உன் லென்ஸை மாத்து" என்கிறார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

அப்போதுதான் நான் அணைத்தது அமுக்கியை என்று தெரிந்தது. அவன் வைத்த பெயர்தான். கேமரா மைக்குக்கு அவன் வாய்தான் பக்கம், அதனால் கல்யாணத்தில் யாரையும்விட அவன் குரல்தான் பெரிதாக விழும். "பொண்ணு மாப்ளையைப் பாக்க வந்தவனுக்கு என் சத்தம் எதுக்கு" என்று, தன் குரலை மட்டும் தேடி அமுக்குகிற மாதிரி எழுதியிருந்தான். அவன் செய்து கொடுத்த எந்த வீடியோவிலும் அவன் முகமும் இல்லை, குரலும் இல்லை. நம் வீட்டில் அவனைப் படம் பிடிக்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவன், "அம்மா, தலையைக் கொஞ்சம் நிமித்து" என்பான். திரையில் இருக்கிற அம்மாவும் நிமிர்த்துவாள், நாற்காலியில் இருக்கிற அம்மாவும் நிமிர்த்துவாள். "அவ்ளோதான்" என்று அவன் சொல்கிறவரை இறக்க மாட்டாள். ஓரிடத்தில் அவன், "சாப்டியாம்மா?" என்கிறான். ஒருநாள் அம்மா, "ஆச்சுடா, நீ?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது. பின்னால் நகர்த்தச் சொன்னாள். திரும்பவும் கேட்டாள். திரும்பவும் காத்திருந்தாள். பக்கத்தில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது அக்கா. அவன் பதில் சொல்லிவிடுவானோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

அப்பா அப்போதெல்லாம் உள்ளே வந்ததே இல்லை. நாங்கள் போட்டதும் எழுந்து மாடிப்படியில், அந்த இருட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் வேணாம்னு அமுக்கினதை நாம கேக்கக் கூடாது. அவன் எப்படிச் செஞ்சு வெச்சானோ அப்படியே செய். இல்லன்னா உங்கம்மாவும் நமக்கு மிஞ்ச மாட்டா" என்றார். அப்பா சொன்னதும் நியாயம்தான் என்று பட்டது. சர்வீஸ் கடைக்காரரிடம் சொன்னேன், அவர் எங்கோ தேடி அந்தப் பழைய லைப்ரரியைக் கொண்டுவந்து கொடுத்தார். அமுக்கியையும் சேர்த்து மறுபடி பில்ட் செய்தேன். முதலில் செய்ததை அழிக்க மனம் வரவில்லை. இப்போது ஒரே கம்ப்யூட்டரில் இரண்டும் இருக்கின்றன.

புதியதை மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். முதல் முறையாக அப்பாவும் வந்தார். அவன் குரல் ஒரு சொட்டுகூட இல்லை, அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறான். ஆனால் அக்கா, எல்லோரும் இன்னும் அவனோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சித்தப்பா யாரும் சொல்லாமலே வயிற்றை எக்குகிறார். யாரையோ திட்டிச் சிரிக்கிறார். அம்மா யாருக்காகவோ தலையை நிமிர்த்துகிறாள். கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து, அங்கே இல்லாத ஒருவனைப் பார்த்துச் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். கல்யாண வீடு முழுக்க ஒரே இடத்தைப் பார்க்கிறது. அம்மா மெதுவாக, "இவங்கெல்லாம் யாரைப் பாக்கறாங்க?" என்று கேட்டாள்.

திரையில் அத்தை வந்து நின்றாள். கண்ணாடி பளபளக்க நம்மையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது எனக்குப் பின்னாலிருந்து, "அத்தை, கண்ணாடியைக் கழட்டுங்க, லைட்டு அடிக்குது" என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். சொன்னது அப்பா. அண்ணன் இழுக்கிற அதே இழுப்பு. அத்தை சரியாக அந்த நேரத்துக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். அந்த அறையின் ஜன்னல் மாடிப்படிப் பக்கம்தான் திறக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை நாளும் இருட்டில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறார்.

அப்பா எழுந்து முகம் கழுவப் போனார். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. திரும்பி வந்து, "ரெண்டையும் அவளுக்கு அனுப்பு. எது வேணுமோ அவளே வெச்சுக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அதனால் பென் டிரைவில் இரண்டு கோப்புகள் இருக்கும்.

இனிமேல் எழுதுவதை நீ தனியாக இருக்கும்போது படி. கடைசிக் காட்சி நீ காரில் ஏறுவது. அமுக்கி இருக்கிற கோப்பில் நீ பாதி இறக்கிய கண்ணாடி வழியாகக் கேமராவுக்குச் சற்று மேலே பார்க்கிறாய். பார்த்துக்கொண்டே இருக்கிறாய். அப்புறம் தலையை ஆட்டுகிறாய். கார் நகர்கிறது. அமுக்கி இல்லாத கோப்பில் அந்த இடத்தில் அவன் குரல் இருக்கிறது. ஆனால் அவன் கேமராவைத் தாண்டி ஜன்னலுக்குள் குனிந்துவிட்டான். வாய் மைக்கை விட்டுத் தள்ளிப் போய்விட்டது, கார் என்ஜின் வேறு ஓடுகிறது. "அக்கா" என்பது மட்டும் கேட்கிறது. அவன் கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். சத்தத்தைக் கூட்டினால் என்ஜினும் கூடுகிறது. என்ஜினைக் குறைத்தால் அவனும் போய்விடுகிறான்.

அம்மா இப்போது மற்ற எதையும் போடச் சொல்வதில்லை. அந்தக் கார் காட்சியை மட்டும்தான். "என்ன சொன்னான்? இவ எதுக்குத் தலையாட்டினா?" என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்?

உனக்குத் தெரியும் அக்கா. அவன் போன பிறகு நீ ஒரு தடவைகூட அவனைப் பற்றிப் பேசவில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். அப்போது உன் விசா பேப்பர் வந்து சேராததால் நீ வர முடியவில்லை. அது உன் தப்பு இல்லை, இங்கே யாரும் அப்படி நினைக்கவும் இல்லை. அவன் உன்னிடம் என்ன கேட்டான், நீ எதற்குச் சரி சொன்னாய் என்று எனக்குத் தெரிய வேண்டாம். அம்மாவிடம் சொல். பெரிதாக எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தூசி வருது, கண்ணாடியை ஏத்திக்கோ என்றுதான் சொன்னான் என்றால் அதையே சொல். அவள் அதை வைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். எழுதி அனுப்பாதே, உன் வாயால் சொல். மத்தியானம் கூப்பிடு. நான் போனை எடுக்காமல் அம்மாவையே எடுக்க வைக்கிறேன்.

எல்லோரும் நலம் என்ற வரியை இன்னும் எழுதவில்லை. நீ பேசி முடித்ததும் போனை என் காதில் வைக்கச் சொல். அந்த வரியை நானே உன்னிடம் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். காரில் போகும்போது கண்ணாடியை ஏற்றிக்கொள்.

உன் அன்புத் தங்கை,
ஊமைக்கோட்டான்